முன்கதை சொன்னவர்

அக்கா எந்த ட்ரெய்லரையும் முதல் தடவை சத்தமில்லாமல்தான் பார்ப்பார். இசையைப் போட்டால் அது ஆளை இழுத்துக்கொண்டு ஓடும், நின்று பார்க்க விடாது என்பது அவருடைய கட்சி. இரண்டாம் தடவை திரைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்பார். மூன்றாம் தடவைதான் இரண்டையும் சேர்ப்பது. அதற்குப் பிறகு படத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கழுத்தை நீட்டித் தேடுவார். இரண்டு நிமிட ட்ரெய்லருக்கு ஒரு முழு மத்தியானம் போய்விடும். இடையில் யாராவது அடையாள அட்டையோடு வந்து நின்றால் எழும்பிப் போய்ப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

எல்லோரும் அக்கா என்றே கூப்பிடும் அவருடைய கடை உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட, ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் இருந்தது. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பாஸ்போர்ட் அளவுப் படம் என்று வெளியே எழுதியிருக்கும். உள்ளே இரண்டு மெசின்கள், ஒரு கொம்பியூட்டர், முனகிக்கொண்டு சுற்றும் ஒரு காற்றாடி. அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். தகப்பனும் மாமிமாரும் மிசன் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவர்கள். அந்தச் சாயல் அவரிடமும் இருந்தது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, சின்னவர்களையும் ‘நீர்’ என்று கூப்பிடும் மெல்லிய குரல். தூரத்திலிருந்து பார்த்தால் ஞாயிறு பாடசாலைக்குப் பாடம் ஆயத்தம் செய்கிறார் என்றுதான் தோன்றும். கிட்டப் போனால் திரையில் ஒருவன் ஹெலிகொப்டரிலிருந்து தொங்கிக்கொண்டிருப்பான்.

நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்த காலம் அது. வீடு இணுவிலில். வீட்டில் சும்மா இருந்தால் கலியாணப் பேச்சுத்தான் வரும் என்று, சந்திக்குப் பக்கத்திலிருந்த ஒரு ரியூசன் நிலையத்தின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடக் குறிப்புகளை, எங்கள் பாசையில் ரியூட்டுகளை, கட்டுக் கட்டாகப் பிரதி எடுத்து வருவது என் பொறுப்பு. அக்காவின் கடையில் அதற்கு ஒரு மணித்தியாலமாவது எடுக்கும். மெசின் ஓடும்போது அவர் ட்ரெய்லர் பார்ப்பார். நான் முதலில் எட்டிப் பார்த்தேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உளவாளிப் படங்கள்தான் அவருக்குப் பிடிக்கும். காதல் படம் பார்த்தால் நித்திரை வருகிறது என்பார். உளவாளிப் படத்தில் ஒருவரும் தாங்கள் யார் என்று சொல்ல மாட்டார்கள், பார்க்கிறவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் சுவை என்பார். ட்ரெய்லரைப் பற்றியும் அவருக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. “ட்ரெய்லர் பொய் சொல்லாது, பிள்ளை. இருக்கிறதை இடம் மாத்தி வைக்கும், அவ்வளவுதான்.”

ஏறக்குறைய ஒரு வருடம் நாங்கள் இருவரும் கதைத்தது ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான். அது ஒரு உளவாளிப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் நாயகனுக்கு ஒரு கூட்டாளி இருப்பான். அதிகம் கதைக்காதவன், வானொலிக் கருவிகளைத் திருத்துகிறவன். கடைசிக் காட்சியில் ஓடுகிற கப்பலின் மேல்தட்டில் வைத்து அவனைச் சுடுவார்கள். அவன் கடலுக்குள் விழ, நாயகன் குழறி அழ, படம் முடியும். அவன் செத்துவிட்டான் என்று எல்லோரும் கவலையோடு வீட்டுக்குப் போனார்கள். அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“உடம்பைக் காட்டேல்லைத்தானே” என்றார்.

இரண்டாம் பாகத்தின் முதல் ட்ரெய்லர் ஒரு நிமிடம்கூட இல்லை. பாலைவனம், ரயில், தாடி வளர்த்த நாயகன், வெடிக்கிற ஒரு கட்டடம். அதற்கிடையில் ஒரு கை ஒரு இரும்புக் கதவைத் திறக்கும். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். நான் பத்துத் தடவை பார்த்தும் அந்தக் கையைக் காணவில்லை. அக்கா அதைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு, மணிக்கூடு வலது மணிக்கட்டில் இருக்கிறது பாரும் என்றார். கூட்டாளி இடதுகைக்காரன். முதல் பாகம் முழுக்க அவன் வலதுகையில்தான் மணிக்கூடு கட்டியிருந்தானாம். நான் விடவில்லை. ஏமாற்றுவதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்று வாதாடினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, கதவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த ஒரு இலக்கத்தைக் காட்டினார். எழுத்து நேராக இருக்கிறது, திருப்பவில்லை என்றார். அந்த மத்தியானம் முழுவதும் எங்களுக்குள் அப்படி ஒரு சந்தோசம்.

அவர் கண்ணுக்கு ட்ரெய்லர் மட்டும்தான் தப்பாது என்றில்லை. ஒருநாள் ஊரெழுவிலிருந்து ஒரு தாய் வந்தார். மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். போனில் வந்த மாப்பிள்ளையின் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது, படம் போன மாதம் எடுத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா படத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் தாயை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பின்னால் மேசையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது, பின்பக்கம் பெருத்த பழைய பெட்டி. அந்த நாட்டில் அது இப்போது ஒருவர் வீட்டிலும் இருக்காது. மாப்பிள்ளையின் கையிலிருக்கும் போனும் அந்தக் காலத்துப் போன். படம் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது, விசாரித்துவிட்டுச் செய்யுங்கள் என்றார். விசாரித்தபோது மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தைந்து என்று தெரிய வந்தது. அந்தத் தாய் பிறகு வாழைக்குலையோடு வந்து நின்றார். அக்கா வாங்கிக்கொண்டு ஒரு சீப்பை எனக்குத் தந்தார். கண்டுபிடித்த கெட்டித்தனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண்பிள்ளை கவலைப்பட்டாளோ என்றுதான் கேட்டார்.

தன் ஊகங்களைக் கெட்டி மட்டை போட்ட ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். படம் வந்து பார்த்த பிறகு பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரி அல்லது பிழை போடுவார். பிழைகள் நிறைய இருந்தன. பிழை போடும்போது அவருக்கு வெட்கமோ கோபமோ வராது. தன்னையே திருத்துகிற வாத்தியார் போல, எங்கே தவறவிட்டேன் என்று திரும்பப் போய்த் தேடுவார். அந்தக் கூட்டாளியின் பக்கத்துக்கு மட்டும் கடைசிவரை சரியும் விழவில்லை, பிழையும் விழவில்லை. படம் பிறகு வந்தது. நான் யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தனியே பார்த்தேன். கதவைத் திறந்தது வேறொருவனின் கை. கூட்டாளியைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான் வந்தது, ‘அவன் இருந்திருந்தால்’ என்று. அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் நான் அவருக்குச் செய்யக் கூடாததையெல்லாம் செய்து முடித்திருந்தேன்.

அவருடைய தம்பியைப் பற்றி நான் அறிந்தது தற்செயலாகத்தான். காணாமற்போனவர்களின் தாய்மார் சிலர் அந்தக் கடைக்கு வருவார்கள். பிள்ளைகளின் பழைய படங்களைக் கொண்டுவந்து பெருப்பித்துத் தரக் கேட்பார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டு வீதியோரத்தில் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு. அந்த வேலை வந்தால் அக்கா ட்ரெய்லரை மூடிவிடுவார். முகத்தில் விழுந்த கீறல்களை ஒவ்வொன்றாக அகற்றி, வெயிலில் நிறம் போகாத தாளில் அடித்து, ஓரம் பிரியாமல் லமினேற் செய்து கொடுப்பார். ஒருநாள் நான் போனபோது திரையில் ஒரு இளைஞனின் படம் இருந்தது. கோடு போட்ட சேர்ட், எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிப்பை அடக்குகிற வாய். யாருடைய பிள்ளை என்று கேட்டேன்.

“என்ரை தம்பி” என்றார்.

சமாதானம் குழம்பித் திரும்பவும் சண்டை தொடங்கிய நாட்களில் ஒரு காலை சுன்னாகத்துக்கு வேலைக்கு என்று சைக்கிளில் போனவராம். வேலைக்குப் போய்ச் சேரவில்லை. செத்துவிட்டதாகப் பிறகு யாரோ வந்து சொன்னார்களாம். நீங்கள் கண்ணால் கண்டனீங்களோ என்று அக்கா கேட்டாராம். இல்லை, இன்னொருவர் சொன்னது என்றார்களாம். அந்த இன்னொருவரையும் தேடிப் போய்க் கேட்டாராம். அவரும் காணவில்லை. இவ்வளவையும் அவர் ஒரு விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு படத்தைச் சேமித்து மூடிவிட்டு, எத்தனை பிரதி என்று கேட்டு என் ரியூட்டுகளை வாங்கினார்.

தம்பியையும் படத்துக் கூட்டாளியையும் அவர் ஒருநாளும் சேர்த்துக் கதைத்ததில்லை. சேர்த்தது மற்றவர்கள். அதற்கு வழி திறந்து விட்டது நான்.

அந்த நாட்களில் நான் இணையத்தில் ஒரு சின்ன அலைவரிசை வைத்திருந்தேன். படங்களைப் பற்றிக் குரல் மட்டும் கொடுத்துப் பேசுவது. பார்க்கிறவர்கள் பெரும்பாலும் என் சிநேகிதிகள். இரண்டாம் ட்ரெய்லர் வந்தபோது அதில் நாயகன் ஒரு கல்லறைக்கு முன்னால் நிற்பான். கல்லில் கூட்டாளியின் பெயர் இருக்கும். நாயகன் குனிந்து ஒரு சின்ன வானொலியை அதன் மேல் வைப்பான். எல்லாம் முடிந்தது, அவன் செத்தது உறுதி என்று இணையம் முழுக்க எழுதினார்கள். அக்காவின் கடைக்கு நான் ஓடாத குறையாகப் போனேன். அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார்.

எழுதுவதற்கு வேண்டும், ஒருக்கால் முழுதாகச் சொல்லுங்கோ அக்கா என்று கேட்டேன். போனைத் தாள் கட்டுகளுக்கு மேல் சாய்த்து வைத்தேன். குரலைப் பதிகிறேன் என்று அவர் நினைத்தார். நான் திருத்தவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். நாயகன் கல்லறையைப் பார்க்கவில்லை, அதற்கு அப்பால் யாரையோ பார்க்கிறான். வானொலியை வைக்கும்போது அது அணைந்திருக்கவில்லை, சிவப்பு வெளிச்சம் எரிகிறது. செத்தவனுக்கு யார் வானொலியைப் போட்டு வைப்பார்கள்? கேட்கிறதற்கு ஆள் இருப்பதால்தான் போட்டிருக்கிறான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“குழி இருக்கு, பிள்ளை. பேர் இருக்கு. ஆளைக் காட்டேல்லை. உடம்பைக் காட்டாத வரைக்கும் ஆள் செத்ததில்லை.”

அன்று பின்னேரமே முகத்தோடு அந்தக் காணொளியைப் போட்டேன். கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் நான் இதுவரை காணாத அளவுக்குச் சனம் பார்த்திருந்தது. சேலை கட்டிய ஒரு அம்மா துப்பாக்கிப் படத்தை இப்படி அலசுகிறாவே என்று உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ எங்கள் தமிழில் எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிய வந்தது. நான் பயந்துகொண்டு போனேன். அவர் கோபிக்கவில்லை. முதலே சொல்லியிருந்தால் தலையை வடிவாக வாரி இழுத்திருப்பேனே என்றார். பிறகு ஒவ்வொரு பின்னேரமும், பஸ்ஸுக்குப் போவதற்கு முன், கீழே எழுதியிருப்பவற்றை மேலிருந்து கடைசிவரை வாசித்தார். சிலவற்றுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் செய்தது பிழையில்லை என்று அந்த நாட்களில் நினைத்துக்கொண்டேன்.

ஒரு கிழமை கழித்து யாரோ அந்தக் கடைசி வசனத்தை மட்டும் வெட்டியெடுத்து, பகிடிப் பாட்டோடு சேர்த்து வேறு பக்கங்களில் போட்டார்கள். பிள்ளைகள் ரியூசன் வகுப்பிலும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். பிறகு எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் என் காணொளிக்குக் கீழே எழுதினார்: இவவின் தம்பி காணாமற் போனவர், அதுதான் இப்படிக் கதைக்கிறா, பாவம். அதன் பிறகு பகிடி நின்றது. இரக்கம் தொடங்கியது. அழுகிற முகங்கள், பிரார்த்தனைகள், தம்பி எங்கே எப்போது போனார் என்ற விசாரிப்புகள், அதற்குக் கீழே அரசியல் சண்டைகள். படத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அவ்வளவு காலமும் அவர் தனித்தனியாக வைத்திருந்த இரண்டையும் ஊர் ஒன்றாகக் கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் அந்தக் காணொளியை அழித்தேன். மனம் லேசானது. அக்காவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். ஆனாலும் திங்கட்கிழமை காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை போனேன்.

கடையில் ஒருவரும் இல்லை. அக்கா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

“நல்ல காலம் வந்தீர். நேற்று முழுக்கத் தேடினன், அந்த வீடியோ என்ரை கண்ணிலை படேல்லை. ஒருக்கா எடுத்துத் தாரும்.”

“அதை அழிச்சுப் போட்டன், அக்கா.”

“முழுக்கவோ?”

“ஓம்.”

“கீழை சனம் எழுதினதுகளும்?”

“எல்லாம் போட்டுது அக்கா. உங்களுக்காகத்தான் செய்தனான். கண்டபடி எழுதினவை.”

அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். மெசினில் யாருடையதோ பிறப்புச் சான்றிதழ் ஒன்று பாதி வெளியே வந்தபடி நின்றது. அதை இழுத்தெடுத்து வைத்துவிட்டு, சனிக்கிழமை கடை பூட்டுகிற நேரத்தில் ஒரு குறிப்பைப் பார்த்ததாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, திங்கட்கிழமை வந்து ஆறுதலாகப் பார்ப்போம் என்று போய்விட்டாராம். எழுதியவருக்குப் படம் இல்லை, பெயரும் இல்லை, ஏதோ எழுத்துகளும் இலக்கங்களும். அக்கா இன்னமும் முன்கதை சொல்வதாக அதில் எழுதியிருந்ததாம்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். கரண்ட் இல்லாத காலத்தில் படம் பார்க்க வழியில்லை. இந்தியாவிலிருந்து வருகிற சஞ்சிகைகள் மாதக்கணக்கில் பிந்தி, பக்கம் கிழிந்து, கை மாறிக் கை மாறி வரும். அவற்றில் வருகிற பட விளம்பரங்களைப் பார்த்து அக்காவும் தம்பியும் முழுக் கதையையும் கட்டுவார்களாம். நாயகியின் முகத்தைப் பார்த்து அழுகைக் காட்சி எத்தனை, வில்லனின் கோட்டைப் பார்த்து அவன் எந்த ஊர்க்காரன் என்று. வருடங்கள் கழித்து அந்தப் படத்தை எங்காவது பார்க்கக் கிடைத்தால், யார் சொன்னது சரி என்று சண்டை. அந்த விளையாட்டுக்குத் தம்பி வைத்த பெயர் முன்கதை.

“ஆரும் எழுதக்கூடிய சொல்லுத்தான். எனக்கு அது விளங்குது, பிள்ளை. என்னைப் பைத்தியம் எண்டு நினையாதையும்.” பிறகு சொன்னார்: “ஆனா பதில் எழுதி ஒருக்காக் கேட்டிருக்கலாம்.”

அந்தப் பெயரின் எழுத்துகளையாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு படத்துண்டில் மணிக்கூட்டின் பட்டியை ஞாபகம் வைத்திருக்கிறவருக்கு, அது ஞாபகம் இல்லை. சனிக்கிழமை அந்த வரியைக் கண்டதும் மற்றது ஒன்றும் கண்ணில் படவில்லை என்றார்.

அன்று பின்னேரமே காணொளியைத் திரும்ப ஏற்றினேன். அழிந்த குறிப்புகளை எடுத்துத் தரச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதினேன். அழித்தது அழித்ததுதான் என்று பதில் வந்தது. முன்பு எழுதியவர்கள் தயவுசெய்து திரும்ப எழுதுங்கள் என்று தலைப்பிலேயே போட்டேன். ஆனால் சனம் அதற்குள் வேறெதற்கோ போய்விட்டது. நாளுக்கு ஒருவர், இருவர் பார்த்தார்கள். நான் ரியூட்டுகளோடு போகும்போதெல்லாம் அக்கா மெசினைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

“இண்டைக்கு ஆரும் எழுதினவையோ?”

இல்லை என்று சொல்ல நான் எத்தனையோ விதமாகப் பழகினேன். நாங்கள் ட்ரெய்லர் பார்ப்பது நின்றுவிட்டது. அந்தச் சீ.ஆர். கொப்பி தாள் பெட்டிகளுக்குக் கீழே போனது. ஒன்றரை மாதமளவில் ஒருநாள் நான் போனேன், ரியூட்டுகளைக் கொடுத்தேன், வாங்கினேன். அவர் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது நொந்ததைவிட அது எனக்குக் கூடுதலாக நொந்தது.

அந்தக் கிழமைதான் நான் இன்னொரு கணக்கைத் திறந்தேன். படம் இல்லை. பெயருக்குச் சில எழுத்துகளும் இலக்கங்களும். காணொளிக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: ‘அக்கா இன்னும் முன்கதை சொல்லுறா.’ அடுத்த நாள் கடைக்குப் போய், அப்போதுதான் கண்டவள்போல, அக்கா, இஞ்சை பாருங்கோ என்று போனை நீட்டினேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்தார். கண்ணாடியைப் போட்டார். ஒரு துண்டுப் படத்தைப் பார்ப்பதுபோல அந்த வரியைப் பார்த்தார். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. முகத்தில் முதலில் ஏதோ ஏறி வந்தது, பிறகு இறங்கிப் போனது. போனை என் பக்கம் திருப்பித் தந்தார்.

“இது நீர் எழுதினது.”

நான் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்டைக்கு இருந்ததிலை ‘சொல்லுறாள்’ எண்டு இருந்தது. மற்ற எல்லாரும் ‘சொல்லுறா’ எண்டுதான் எழுதினவை. அதாலைதான் அது என்ரை கண்ணிலை பட்டது. ரெண்டு வயசுதான் எங்களுக்குள்ளை வித்தியாசம். அவன் வா, போ எண்டுதான் என்னோடை கதைப்பான், அவள் இவள் எண்டுதான் மற்றவையிட்டைச் சொல்லுவான். அம்மா எத்தினை தரம் ஏசினவ. திருந்தேல்லை.”

எங்கள் பேச்சில் அந்த ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ‘சொல்லுறா’ என்றால் மரியாதை. ‘சொல்லுறாள்’ என்றால் எழுதியவர் ஒன்றில் மரியாதை இல்லாதவர், அல்லது கூடப் பிறந்தவர். எந்தத் தேசத்திலோ இருக்கிற, மரியாதை தெரியாத ஒருவன்கூட அதை எழுதியிருக்கலாம். அக்காவுக்கும் அது தெரிந்திருக்கும்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் கையைத் தொட்டார்.

“உமக்கு என்னை அவள் எண்டு எழுத வராது, பிள்ளை” என்றார். கோபம் ஒரு துளியும் இல்லை. பிறகு, வீடியோ அப்படியே இருக்கட்டும், அதற்குக் கீழே நீர் ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெசினுக்குத் தாள் போடப் போனார்.

மன்னிப்புக் கேட்டேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கேட்டதாக ஞாபகம் இல்லை. ரியூட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மாதத்துக்குள் நியமனம் கிடைத்து மன்னாருக்குப் போனேன். விடுமுறையில் வரும்போதெல்லாம் கடைக்குப் போக நினைத்து, சந்தியில் இறங்காமல் பஸ்ஸில் அப்படியே கடந்து போயிருக்கிறேன். அக்கா பிறகு கடையைக் கொடுத்துவிட்டு மட்டக்களப்பில் மகள் முறையான ஒரு பெறாமகளோடு போய் இருக்கிறார். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல, நான் போன் எடுப்பேன். உடம்பு எப்படி, மழை எப்படி, மன்னாரில் மீன் எப்படி என்று கதைப்போம். படங்களைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வைத்தவுடன், இந்த முறையாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று நினைப்பேன்.

காணொளி இன்னும் இருக்கிறது. நான் எழுதிய வரியை அன்றே எடுத்துவிட்டேன். படம் வந்து, ஓடி, மறந்துபோன பிறகும் எப்போதாவது யாராவது வந்து பார்க்கிறார்கள், ஏதாவது எழுதுகிறார்கள். போனில் மணி அடித்தால் நான் உடனே திறந்து, என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், வசனம் எப்படி முடிகிறது என்று பார்க்கிறேன்.

இதுவரை எழுதிய எல்லோரும் மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள்.